சாரம் எவ்வளவு?

மதுவைப் பற்றி எதை எழுதினாலும் எனக்கு இரண்டு வகைக் கடிதங்கள் வருவது வழக்கம். முதல் வகை, "இந்த வயதில் குடிக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே" என்று வருத்தப்படும். இரண்டாம் வகை, "மலையகத்தான் என்றாலே குடிகாரன் என்ற எண்ணத்துக்கு நீங்களும் உரம் போடுகிறீர்களா" என்று கோபப்படும். இன்றைய கட்டுரைக்கும் இரண்டும் வரலாம். ஆனால் நான் எழுதப்போவது குடிப்பதைப் பற்றி அல்ல, அளப்பதைப் பற்றி.

எனது அக்காவின் பேரன் டொரொன்டோவில் இருக்கிறான். வீட்டின் நிலவறையில் சொந்தமாகப் பியர் காய்ச்சுகிறான். கனடாவில் சொந்தப் பாவனைக்காக வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றமல்ல. பிரித்தானியாவில் 1963இல் வீட்டுப் பியருக்கான அனுமதிப்பத்திர முறை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. இலங்கையிலோ 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பவர் பார்லியில் பியர் காய்ச்சினாலும் சீனியில் கசிப்புக் காய்ச்சினாலும் அதன் பார்வையில் குற்றவாளிதான். ஆகவே நம் ஊரில் இருக்கும் எவரும் இதை வாசித்துவிட்டு வாளியைத் தேட வேண்டாம்.

பேரனின் சந்தேகம் எளிமையானது. தான் காய்ச்சிய பியரில் எத்தனை விழுக்காடு மதுசாரம் இருக்கிறது என்று அறிய, கடையில் "அல்கஹோல் மீற்றர்" என்று ஒரு கண்ணாடி மிதவையை வாங்கி உள்ளே விட்டிருக்கிறான். அது பூச்சியத்துக்கும் கீழே காட்டுகிறதாம். "தாத்தா, பியரில் அல்கஹோலே இல்லையா, இல்லை மீற்றர் பழுதா?" என்று கேட்டான். இரண்டும் இல்லை. அந்தக் கருவி தண்ணீரும் மதுசாரமும் மட்டும் கலந்த திரவத்துக்கானது. வடித்தெடுத்த சாராயத்தில் அது ஒழுங்காக வேலை செய்யும். பியரில் நொதிக்காமல் எஞ்சிய இனிப்பும் மாவுப் பொருள்களும் கரைந்திருக்கின்றன. மதுசாரம் திரவத்தை இலேசாக்குகிறது, எஞ்சிய இனிப்பு கனமாக்குகிறது. ஒன்றை மற்றது மறைத்துவிடும்.

இதன் அடிப்படை நாம் எல்லோரும் பாடசாலையில் படித்ததுதான். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை இடம்பெயர்க்கும் என்றார் ஆர்க்கிமிடீஸ். கனமான திரவத்தில் மிதவை மேலே நிற்கும். இலேசான திரவத்தில் ஆழ்ந்து போகும். தண்டில் எழுதியிருக்கும் அளவுகோலைத் திரவத்தின் மட்டத்தில் வாசித்தால் அடர்த்தி தெரிந்துவிடும். கி.பி. 400ஐ ஒட்டிய காலத்தில் சினேசியஸ் என்பவர், அலெக்சாந்திரியாவின் கணித மேதை ஹைப்பேசியாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், இப்படியொரு கருவியைச் செய்வித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். ஹைட்ரோமீட்டர் என்று கடைக்காரர் சொல்வதைத் தமிழில் திரவமானி, நீரமானி என்று ஆளுக்கொரு பெயரால் அழைக்கிறோம். ஊரில் பலர் இதைத் தேயிலைத் தொழிற்சாலையில் தொங்கும் ஹைக்ரோமீட்டரோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. அது வேறு. அரைத்த கொழுந்தைப் பரப்பி வைக்கும் அறையில் காற்றின் ஈரப்பதனைப் பார்ப்பது அது. அந்த அறையில் நடப்பதையும் நம்மவர்கள் "புளிக்க வைப்பது" என்பார்கள். ஆனால் அங்கே நடப்பது ஒட்சியேற்றம். மதுவமும் இல்லை, மதுசாரமும் இல்லை.

பியரில் மதுசாரத்தை அளக்க எளிய வீட்டு வழி, ஹைட்ரோமீட்டரை இரண்டு தடவை விடுவதுதான். மதுவம் போடுவதற்கு முன் ஒரு தடவை, நொதித்தல் முடிந்த பின் ஒரு தடவை. தூய தண்ணீரில் கருவி 1.000 காட்டும். மோல்ட் ஊறிய இனிப்பு நீரில் 1.048 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரமோ இரு வாரமோ சென்ற பின் அது 1.010இல் வந்து நின்றுவிடுகிறது. இடையில் 38 புள்ளிகள் இறங்கியிருக்கின்றன. அந்த 0.038ஐ 131.25ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5 வரும். அதுவே பியரின் சாரம்: கன அளவில் 5 விழுக்காடு. இந்தப் பெருக்கெண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. நொதிக்கும் சீனியின் எடையில் ஏறத்தாழப் பாதி மதுசாரமாகவும் மீதிப் பாதி கரியமில வாயுவாகவும் மாறுகின்றன. வாயு வெளியேறிவிடுகிறது. போன எடைக்கும் பிறந்த மதுசாரத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் அந்த எண் சுருக்கிச் சொல்கிறது.

முதல் அளவைக் குறித்துவைக்காவிட்டால் இரண்டாவது அளவு மட்டும் எதையும் சொல்லாது. பேரனிடம் அந்த முதல் அளவு இல்லை. "இந்தத் தடவை குடித்துத் தீர், அடுத்த தடவை எழுதிவை" என்று சொல்லிவிட்டேன்.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். சூடான திரவம் விரிந்து இலேசாகிவிடும். பழைய பிரித்தானியக் கருவிகள் 60 பாகை பரனைற்றில், அதாவது 15.6 பாகை செல்சியசில், சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டவை. இன்றையவற்றில் பல 20 பாகை செல்சியசுக்குச் செய்யப்படுகின்றன. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. பழைய கருவிக்கு அது அளந்து செய்த ஊர் போன்றது. அதே கருவியைக் கொழும்பில் 29 பாகையில் விட்டால் உண்மையான 1.048ஐ 1.045 என்று காட்டும். இரண்டு அளவையும் ஒரே வெப்பநிலையில் எடுத்தால் பிழை ஒன்றையொன்று கழித்துவிடும். முதல் அளவைச் சூட்டோடு எடுத்து, இரண்டாவதைக் குளிர்ந்த பின் எடுப்பவர்தான் ஏமாறுவார். ஐந்து விழுக்காட்டுப் பியரை நாலரை என்று நம்பிக்கொண்டிருப்பார்.

நுவரெலியாவுக்கும் பியருக்கும் உள்ள உறவு, தேயிலைக்கும் மலைநாட்டுக்கும் உள்ள உறவைவிடப் பழையது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்ட சாமுவேல் பேக்கர், நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்தார். அங்கே பியர் காய்ச்சும் முயற்சியைத் தொடங்கிவைத்தவரும் அவரே. 1881இல் சிலோன் பிறூவரி வணிக அடிப்படையில் எழுந்தது. குளிர்ச்சி இயற்கையாகவே கிடைத்த ஊர் என்பதால் குளிரூட்டும் இயந்திரம் பரவலாகாத காலத்தில் அங்கே பியர் காய்ச்சியது புத்திசாலித்தனம். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும் என்பது மட்டும் காய்ச்சுபவர் கணக்கில் வைக்க வேண்டிய சங்கதி. 1990களின் இறுதியில் உற்பத்தி கொழும்பை அடுத்த பியகமவுக்கு இடம்பெயர்ந்தது. மலையில் பிறந்த லயன் பியர் இப்போது சமவெளியில் காய்ச்சப்படுகிறது.

1881க்கு முந்திய ஆண்டில் பிரித்தானியாவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை மோல்ட்டின் மீது விதிக்கப்பட்ட வரியை 1880இல் கிளாட்ஸ்டன் நீக்கி, நொதிக்கும் முன் உள்ள திரவத்தின் அடர்த்தியைக் கொண்டு வரி விதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதாவது காய்ச்சுபவரின் முதல் அளவே அரசாங்கத்தின் வரிக் கணக்காயிற்று. அந்நாட்டில் 1993 வரை அந்த முறை நீடித்தது. யோசித்துப் பார்த்தால், இந்தக் கண்ணாடி மிதவையை உலகெங்கும் பரப்பியவர்கள் குடிகாரர்கள் அல்லர். வரி அதிகாரிகள்தான்.

பங்களாக்களிலும் இந்தக் கருவி இருந்தது. எனது தாய்மாமன் ஒருவர் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பெரிய துரையின் பங்களாவில் அப்புவாக இருந்தார். துரைக்குச் சமைத்துப் போட்டவர். ஏப்ரல் மாத நுவரெலியா சீசனுக்கு விருந்தினர் வரும் முன்பே இஞ்சிப் பியர் தயாராக வேண்டும். இஞ்சியை இடித்து, எலுமிச்சையும் சீனியும் சேர்த்து, மதுவம் போட்டுச் சீனச் சாடியில் மூடி வைப்பார். பாடசாலை விடுமுறையில் நான் போனால் குசினி மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒரு நாள் அவர் பருத்தித் துணிச் சுருளிலிருந்து ஒரு கண்ணாடிக் குழலை எடுத்து, உயரமான கண்ணாடிச் சாடியில் மிதக்கவிட்டு, விரல்களால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்னாத்துக்கு மாமா சுத்துறீங்க?"

"மேல ஒட்டுற நொரை எல்லாம் உதிரணும் மருமகனே. நொரை ஒட்டுனா தூக்கிக் காட்டும். நெசத்தச் சொல்லாது."

"இத வச்சு என்னா பாக்குறீங்க?"

"போத்தல்ல அடைக்கலாமா வேணாமான்னு பாக்குறேன். நேத்தும் இதே நம்பரு, முந்தா நாளும் இதே நம்பருன்னா அடைக்கலாம். இன்னம் எறங்குதுன்னா அடைச்ச போத்தலு வெடிக்கும்."

அவருக்கு எழுத்து வாசனை குறைவு. ஆங்கில எண்கள் மட்டும் தெரியும். கரித்துண்டால் குசினிச் சுவரில் எண்களை எழுதி வைத்திருப்பார். பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று விளங்கியது. மூடிய போத்தலுக்குள் நான்கு புள்ளி இறங்கினாலே, திரவத்தின் கன அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வாயு உள்ளே அடைபட்டுவிடும். சோடாவின் சுரீர் என்ற துள்ளலுக்கு அவ்வளவு போதும். பத்துப் பதினைந்து புள்ளி இறங்கினால் கண்ணாடி தாங்காது. மாமா திரவத்தின் மட்டத்தைப் பிறையுருவின் அடிப்பகுதியில் கண்ணை வைத்து வாசிப்பார். இதையெல்லாம் எனக்குப் பாடசாலை சொல்லித்தருவதற்கு முன் சொல்லித்தந்தவர் அவரே.

பங்களாவில் இப்படி அளந்துகொண்டிருந்த அதே தோட்டத்தில், கீழே லயத்துப் பக்கம் அளவுகோலே கிடையாது. அங்கே இருந்தது கள்ளுத் தவறணை, சாராயத் தவறணை. அவற்றுக்குப் போகக் காசு போதாதவனுக்கு ஆற்றோரத்துக் கசிப்பு. சீனியையும் மதுவத்தையும் தண்ணீரில் போட்டுப் பீப்பாயில் ஊறவைத்தால் அது கோடா. தமிழ்நாட்டில் ஊறல் என்பார்கள். சீனிக் கோடாவில் எஞ்சுவதற்கு மோல்ட் இல்லை. சீனி முழுவதும் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் 1.080 காட்டும் கோடா, முடிவில் தண்ணீரையும்விட இலேசாகி 0.992க்கு இறங்கும். கணக்கிட்டால் 11 விழுக்காட்டுக்கு மேல் மதுசாரம். பிறகு அதை அடுப்பேற்றி வடிக்கிறார்கள். வடித்து வந்தது 30 விழுக்காடா, 60 விழுக்காடா என்று காய்ச்சியவனுக்கும் தெரியாது, குடிப்பவனுக்கும் தெரியாது. முதலில் வடிந்த போத்தலுக்கும் கடைசியில் வடிந்த போத்தலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும்.

அவர்களிடமும் ஒரு பரிசோதனை இருந்தது. கரண்டியில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டுவார்கள். நீலமாக எரிந்தால் "நல்ல சரக்கு". இதைக் கேட்டு நகைக்க வேண்டாம். பிரித்தானிய அரசாங்கமே ஒரு காலத்தில் அதைத்தான் செய்தது. வெடிமருந்தின் மீது சாராயத்தை ஊற்றிக் கொளுத்துவார்கள். மருந்து பற்றிக்கொண்டால் அது "புரூவ்" ஆன சாராயம். அந்த எல்லை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 57.1 விழுக்காடு. 1816இல்தான் சைக்ஸ் ஹைட்ரோமீட்டர் சட்டப்படி அதற்குரிய கருவியாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் போத்தலில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, ஏன் இந்தக் கோணல் எண் என்று பலர் வியந்திருப்பார்கள். 57.1இல் நாலில் மூன்று பங்கு 42.8. "25 அண்டர் புரூவ்" என்ற பழைய அளவின் மிச்சம் அது. வெள்ளைக்காரன் போயும் அவன் தீக்குச்சி போகவில்லை.

சைக்ஸ் கருவியை நான் நேரில் பார்த்தது 1970களின் நடுப்பகுதியில், ஒரு மலைநாட்டு நீதிமன்றத்தில். நான் அப்போது கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றின் இளம் செய்தியாளன். மதுவரித் திணைக்கள அதிகாரி ஒருவர் மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். வெல்வெட் துணியின் மீது பித்தளைக் குண்டு ஒன்று, அதில் மாட்டும் ஒன்பது சிறு எடைகள், ஒரு வெப்பமானி, கூடவே ஓர் அட்டவணைப் புத்தகம். அட்டவணை எதற்கு என்று கேட்டேன். "50 மில்லிலீற்றர் தண்ணீரும் 50 மில்லிலீற்றர் மதுசாரமும் சேர்த்தால் 100 வராது தம்பி, ஏறத்தாழ 96தான் வரும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கும். அதனால் மனக்கணக்குச் செல்லாது, புத்தகம் வேண்டும்" என்றார். நல்ல ஆசிரியராக வந்திருக்க வேண்டியவர்.

அன்று அங்கே ஒரு மரண விசாரணையும் நடந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவர் இரவு குடித்துவிட்டு வந்து படுத்தவர், காலையில் கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். மாலையில் இறந்துவிட்டார். கைப்பற்றிய போத்தல் மேசைமேல் இருந்தது. விசாரணை ஒத்திவைக்கப்பட்ட பின், வராந்தாவில் நின்ற அவர் மனைவி, காக்கிச் சட்டையைப் பார்த்து அந்த அதிகாரியிடம் வந்தார்.

"ஐயா, அளந்து பாத்தீங்களாமே. அதுல என்னா இருந்துச்சு?"

அதிகாரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எவ்வளவு கடுப்புன்னுதான் தாயி இது சொல்லும். என்னான்னு சொல்லாது. கொழும்புக்கு அனுப்பியிருக்கு. அவங்கதான் சொல்லணும்."

அந்தப் பதிலின் முழுப் பொருளையும் நான் பிறகுதான் படித்து அறிந்தேன். நாம் குடிக்கும் மதுசாரம் எதனோல். கைத்தொழிலில் கரைப்பானாகப் பயன்படுவது மெதனோல். 20 பாகையில் எதனோலின் அடர்த்தி 0.789. மெதனோலின் அடர்த்தி 0.792. இவ்வளவுதான் வேறுபாடு. தண்ணீரோடு கலந்த பின் இரண்டையும் ஹைட்ரோமீட்டர் பிரித்தறியாது. உயிர் குடிக்கும் திரவத்தை விட்டாலும் அது "நல்ல கடுப்பான சரக்கு" என்றே காட்டும். தீக்குச்சியும் அப்படித்தான், மெதனோலும் நீலமாகவே எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு. மணமும் சுவையும் கைகொடுக்காது. ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்பு என்ற முறையில் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்திவிடலாம். சீனியில் ஊறிய கோடா தானாக மெதனோலை உண்டாக்குவது மிகச் சொற்பம். பழத்தோலிலுள்ள பெக்டினிலிருந்து சிறிது வரும். கூட்டம் கூட்டமாகச் சாவு விழும் இடங்களில் எல்லாம் நடந்தது வேறு. கடுப்பு ஏற்றுவதற்காக, அல்லது காய்ச்சும் வேலையே இல்லாமல் இலாபம் பார்ப்பதற்காக, கைத்தொழில் மெதனோலை யாரோ கலந்திருப்பார்கள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தவை அத்தகையவை. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் நாட்கூலிக்காரர்கள். அந்தச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் மலைநாட்டு நீதிமன்ற வராந்தாவை நினைத்துக்கொண்டேன்.

மெதனோல் உடலுக்குள் போனதும் கொல்வதில்லை. கல்லீரல் அதை மெல்ல மெல்ல போமிக் அமிலமாக மாற்றுகிறது. அதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். முதலில் சாதாரண வெறி. பிறகு தெளிந்தது போன்ற ஒரு நிலை. அதன் பின் வயிற்று வலி, வாந்தி, மூச்சு இரைப்பு, கண்முன் பனி படர்ந்தது போன்ற மங்கல். இந்த மங்கல் வந்தால் அது வெறியின் மிச்சம் அல்ல. பார்வை நரம்பு பாதிக்கப்படுகிறது. இதற்கு மருத்துவமனையில் மாற்று மருந்து உண்டு. மெதனோல் அமிலமாக மாறுவதைத் தடுத்து வைப்பார்கள், இரத்தத்தைச் சுத்திகரிப்பார்கள். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆகும் நேரத்தை நினைத்தால், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்கப் போடுவதுதான் ஆளைக் கொல்கிறது.

இனி எனது தொழில் சார்ந்த ஒரு சங்கதி. செய்தி ஆசிரியர் மேசையில் நீண்ட காலம் இருந்தவன் நான். கசிப்புச் செய்திகள் வாரம் தவறாமல் வரும். "இத்தனை லீற்றர் கோடா, இத்தனை போத்தல் கசிப்பு, செப்புக் குழாய், பீப்பாய் ஆகியன கைப்பற்றப்பட்டன. சந்தேகநபர் நீதவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்பட்டார்." லீற்றர் தவறாமல் இருக்கும். சாரம் எத்தனை விழுக்காடு என்று ஒரு செய்தியிலும் இருந்ததில்லை. பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்போது வழக்கு பழசாகிவிடும். செய்தியும் செத்துவிடும். அந்தப் பெண் கேட்ட கேள்வி, அதாவது "அதுல என்னா இருந்துச்சு" என்பது, யாருடைய செய்தியிலும் பதிலாக வருவதில்லை.

அளவு அறியாத குடி கசிப்பில் மட்டும் இல்லை. சட்டப்படி விற்கும் போத்தலிலும் உண்டு. "பியர்தானே, சாராயமா குடிக்கிறேன்" என்பது தோட்டத்திலும் கேட்கும் வாக்கியம், டொரொன்டோவிலும் கேட்கும் வாக்கியம். கணக்கைப் பார்ப்போம். 625 மில்லிலீற்றர் பியர்ப் போத்தல் ஒன்றில் 4.8 விழுக்காடு என்று இருந்தால் அதிலுள்ள தூய மதுசாரம் 30 மில்லிலீற்றர். லயன் ஸ்டவுட் போல 8.8 விழுக்காடு என்றால் 55 மில்லிலீற்றர். 33.5 விழுக்காட்டுச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் இருப்பது ஏறத்தாழ 60 மில்லிலீற்றர். அதாவது கடுப்பான பியர் ஒரு போத்தலுக்கும் கால் போத்தல் சாராயத்துக்கும் இடையே இருப்பது ஒரு மேசைக்கரண்டியைவிடக் குறைந்த வேறுபாடு. மாலையில் இரண்டு போத்தல் பியர் "மட்டும்" எடுத்துக்கொண்டவர், ஏறத்தாழ அரைப் போத்தல் சாராயம் குடித்திருக்கிறார். அவர் கல்லீரலுக்குப் போத்தலின் நிறமோ பெயரோ தெரியாது.

2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் மது விளம்பரங்களைத் தடைசெய்தது. நல்ல காரியம். ஆனால் சாரத்தைப் பற்றிய அறிவைப் பரப்பும் பொறுப்பைப் பிறகு எவரும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனது அபிப்பிராயம். போத்தல் சுட்டியில் உள்ள அந்தச் சிறிய எண்ணை வாசித்துப் பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மதுவரி மீண்டும் மீண்டும் உயர்ந்தது. 2021இல் பெரும் போராட்டத்துக்குப் பின் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. அடுத்த ஆண்டு விலைவாசி அதை விழுங்கிவிட்டது. கடைப் போத்தலின் விலை கைக்கு எட்டாமல் போகும்போதெல்லாம், விலை குறைந்ததும் அளவு இல்லாததுமான போத்தலுக்கு ஆள் சேர்கிறது. வரியைக் குறைத்தால் கசிப்பு ஒழியும் என்று ஒரு சாராரும், குறைத்தால் குடிதான் பெருகும் என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்த வாதத்துக்குள் நான் இன்று போகவில்லை.

பால் சேகரிக்கும் நிலையத்துக்குத் தோட்டத்துப் பெண்கள் காலையில் கொண்டுபோகும் பாலில் பால்மானியை விட்டுப் பார்க்கிறார்கள். அதுவும் ஹைட்ரோமீட்டர்தான். நல்ல பசும்பால் 1.028க்கும் 1.032க்கும் இடையில் நிற்கும். தண்ணீர் கலந்தால் இறங்கும். ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும் என்ற தந்திரத்தை அறிந்தபடியால்தான், மிதவையை மட்டும் நம்பாமல் கொழுப்பையும் தனியாகப் பரிசோதிக்கிறார்கள். கீழ்நாட்டு இறப்பர்த் தோட்டங்களில் மெட்ரோலாக் என்ற மிதவை, பாலில் எவ்வளவு இறப்பர் இருக்கிறது என்று பார்த்து, பால்வெட்டும் தொழிலாளியின் கூலிக் கணக்கில் குறுக்கே நிற்கிறது. தொழிலாளி உற்பத்தி செய்து கொடுக்கும் எல்லாவற்றையும் அளக்க நம்மிடம் கருவியும் உண்டு, ஆளும் உண்டு, பேரேடும் உண்டு. அவன் வாயில் போகும் திரவத்தை அளக்கத்தான் யாரும் இல்லை.

இளம் செய்தியாளர்கள் சிலர் இதை வாசிக்கிறார்கள் என்று அறிவேன். அடுத்த கசிப்புச் செய்தியை எழுதும்போது லீற்றரோடு நிறுத்தாமல், பகுப்பாய்வுக்கு அனுப்பினார்களா, அறிக்கை எப்போது வரும் என்று கேளுங்கள். அறிக்கை வந்த நாளில் மறுபடி போய்க் கேளுங்கள். மெதனோல் இருந்தது என்றால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். பீப்பாயின் பக்கத்தில் பிடிபட்ட கூலிக்காரனைத் தாண்டி, அதை விற்றவனிடம் அந்தக் கேள்வி போகும்.

மற்றவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். போத்தலின் மில்லிலீற்றரை விழுக்காட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் உள்ளே இருக்கும் தூய மதுசாரம் எத்தனை மில்லிலீற்றர் என்று தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் நொடியில் போட்டுத் தரும். எண் அச்சிடாத போத்தலை எந்த மிதவையாலும், எந்தத் தீக்குச்சியாலும் நல்லதென்று உறுதிசெய்ய முடியாது. குடித்த மறுநாள் ஒருவர் கண் மங்குகிறது என்றால், விடியும்வரை காத்திராமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மிச்சம் இருக்கும் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.